நிலை இல்லாத கதவு

(கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டைப் புதுப்பிக்கும்போது மிச்சமாகிற கதவு, ஜன்னல், மின்விசிறி, டைல்ஸ், பாத்திரம் இவற்றையெல்லாம் குப்பைக்கு அனுப்பாமல் தேவைப்படுகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று பேசச் சொன்னீர்கள். நல்ல கேள்விதான். நான் காலனி வீடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனால் ஆய்விலிருந்து தொடங்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக் கதவிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனி எங்களுடையது. 2002இல் ஊர்த்தெருவில் ஒரு பெரிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார்கள். இடிக்கிற வேலைக்கு என் அப்பாவும் காலனியிலிருந்து இன்னும் நாலு பேரும் போனார்கள். பன்னிரண்டு நாள் வேலை. ஓடு பிரித்து, கைமரம் இறக்கி, சுவரைத் தட்டி, ரப்பீஸ் அள்ளிப் போட்டு முடித்ததும் அப்பாவுக்கு ஏழு நாள் கூலியைக் கையில் கொடுத்தார்கள். மீதி ஐந்து நாளுக்கு, "அந்தக் கதவ எடுத்துக்கோ" என்றார்கள்.

தேக்குக் கதவு. வாசலில் இருந்த இரட்டைக் கதவில் ஒன்று எங்களுக்கு, இன்னொன்று வண்ணார் வீட்டுக்கு. கொடுப்பதற்கு முன்பு பித்தளைக் குமிழ்களைக் கழற்றிக்கொண்டார்கள். நிலையைக் கொடுக்கவில்லை. நிலையில் லட்சுமி இருக்கிறாள், அதை வெளியே விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னார்களாம். அதனால் நிலை இல்லாத கதவு எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களுடையது மண்சுவர், பனையோலைக் கூரை. கதவு சுவரைவிட உயரம். அப்பா அடியில் ஒரு அடியை அறுத்தார். இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, அதில் கம்பி சுற்றிக் கதவை மாட்டினார். குடிசைக்குப் பொருந்தாத அந்தக் கதவைப் பார்க்கக் காலனிப் பிள்ளைகளெல்லாம் வந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெருமையாகத்தான் இருந்தது.

2006 உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு அந்தப் பெரிய வீட்டுக்காரர் காலனிக்குள் வந்தார். எங்கள் வீட்டு முன்னால் நின்றார். விரலை மடக்கிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். கூட வந்தவர்களிடம், "எங்க வூட்டுக் கதவு. நான்தான் இவனுக்குக் குடுத்தேன். நாலு வருஷம் ஆச்சு, எப்டி கீது பாரு" என்றார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு தட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

தோழர்களே, அந்தக் கதவு ஐந்து நாள் கூலி. ஆனால் ஊரின் கணக்கில் அது தானம். கூலி என்றால் கணக்கு முடிந்துவிடும். தானம் என்றால் முடியாது. இருபது வருடம் கழித்து வந்தும் தட்டிப் பார்க்கலாம்.

இது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடைய குணம் என்று நான் நினைத்திருந்தேன். ஆய்வுக்கு வந்த பிறகுதான் இதற்குச் சட்டமே இருந்தது தெரிந்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், 125ஆம் சுலோகம். சூத்திரனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது: எச்சில் சோறு, கிழிந்த துணி, பதர், பழைய வீட்டுச் சாமான். பழைய வீட்டுச் சாமானைக் கொடுக்கச் சொல்லி அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே அத்தியாயத்தின் 52ஆம் சுலோகம் வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்குப் பிணத்தின் துணியையும் உடைந்த பாத்திரத்தையும் ஒதுக்குகிறது. வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கும் இரக்கம் இல்லை இது. யாரிடம் எந்த நிலையில் உள்ள பொருள் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு.

இந்த ஒழுங்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீண்டப்படாத மக்கள் எதையெல்லாம் செய்தால் கிராமம் அதைக் குற்றமாகப் பார்த்தது என்று அம்பேத்கர் ஒரு பட்டியல் தருகிறார். அதில் ஓட்டுக்கூரை போட்டு வீடு கட்டுவதும் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டதை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது என்பதும் ஒன்று. 1935இல் குஜராத்தில் ஒரு கிராமத்தில் தலித் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அம்பேத்கர் இதைக் குறிப்பிடுகிறார்.

பழைய காலம் என்று சொல்வீர்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது என்ன செய்தது? வெளிநாடு போய் உழைத்து வாங்கிய டிவியை, மின்விசிறியை, தையல் மெஷினை உடைத்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தத்திலும் பக்கத்துக் காலனிகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து ஒவ்வொன்றாகச் சேர்த்த பீரோவும் வண்டியும் சாம்பலாயின. பழையதைக் கொடுத்தவர்களுக்கு, நாம் புதியதை வாங்கி வைத்தபோது பொறுக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பழைய பொருள் தானத்தைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். போன வருடம் என் நண்பர் ஒருவர் தன் அடுக்ககத்து வீட்டைப் புதுப்பித்தார். நல்ல மனிதர். நாம் நடத்தும் கூட்டங்களுக்கு வருவார், நன்கொடை தருவார். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள் அனுப்பினார். பழைய சிங்க், வாஷ்பேசின், இரண்டு மின்விசிறி, குளியலறைக் கதவு, மீந்த டைல்ஸ் பெட்டி, பிளைவுட் அலமாரி. கீழே, "உங்க ஊர்ல யாருக்காவது யூஸ் ஆகுமா?" என்று ஒரு வரி. அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தொலைபேசியில் முந்நூறு பேர் இருப்பார்கள். பழைய வாஷ்பேசினைப் பார்த்ததும் என் ஊர் ஏன் ஞாபகம் வந்தது என்று நான் யோசித்தேன். அவரும் யோசித்திருக்க வேண்டும்.

நேரில் போய்ப் பேசலாம் என்று போனேன். அந்த அடுக்ககத்தில் குப்பை எடுக்கும் அக்காவைக் கூப்பிட்டு, "இந்த வாஷ்பேசின எடுத்துட்டுப் போங்க அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார் நண்பர். அந்த அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்ல தண்ணி குடத்துலதான் சார் வருது. இத எங்க மாட்றது?" சொன்னாரே தவிர, எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் பார்த்தபோது கேட்டேன். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய், காயலான் கடையில் கிடைத்தது எண்பது. "வேணான்னு சொல்லிருக்கலாமே அக்கா" என்றேன். "நாளைக்கும் அந்த வூட்டுக் கதவத்தான தம்பி தட்டணும்" என்றார்.

நண்பரின் கணக்கில் அது ஒரு நல்ல காரியம். அக்காவின் கணக்கில் நூற்று இருபது ரூபாய் நட்டம். வாஷ்பேசினை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தும் வேலையை ஒருவர் சம்பளம் இல்லாமல், தன் காசைப் போட்டுச் செய்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பொருள் பழையதா, புதியதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. வாங்குகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? இதுதான் முதல் கேள்வி. சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் கொடுப்பதற்குப் பெயர் தானம் இல்லை.

‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1927 மார்ச்சில் மகாத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே மாநாட்டில் அம்பேத்கர், ஊரார் போடும் எச்சில் சோற்றையும் செத்த மாட்டின் இறைச்சியையும் இனி வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தண்ணீரை எடுத்ததும் எச்சிலை மறுத்ததும் ஒரே போராட்டம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவ மக்கள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். பழந்துணி சாலையோரம் மலைபோல் கிடந்தது. நாம் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அது சுயமரியாதையாகத்தான் படுகிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: யாரும் வேண்டாம் என்ற அந்தத் துணிக் குவியலைக் கடைசியில் அள்ள வேண்டியிருந்தது தூய்மைப் பணியாளர்கள். மறுக்கும் உரிமைகூட எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் குப்பையில் போடுவதா? இல்லை. குப்பை என்று போடுவது எங்கே போகிறது? சென்னையின் கட்டட இடிபாடுகளைப் பிரித்து அரைக்கும் நிலையங்கள் இருப்பது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும். நகரத்தின் குப்பைக் கிடங்குகள் இருக்கிற அதே இரண்டு இடங்கள். நீங்கள் தூக்கிப் போட்ட டைல்ஸ் தூளும் சிமென்ட் தூசியும் அங்கே இருக்கிறவர்களின் மூச்சில் போகிறது. ஆகவே மறுபயன்பாடு வேண்டும். ஆனால் எப்படி என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விற்க முடிந்ததை விற்றுவிடுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளை இடித்தபோது வந்த பர்மா தேக்குத் தூணும் கதவும் எனாமல் பாத்திரமும் அங்கே விலைக்கு விற்கின்றன. அதை வாங்குகிறவரை யாரும் ஏழை என்று நினைப்பதில்லை, ரசனை உள்ளவர் என்கிறார்கள். அதே கதவு இனாமாகக் காலனிக்கு வந்தால் பழசு. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் 1991இல் ‘ரீஸ்டோர்’ என்று ஒரு கடையைத் தொடங்கினார்கள். ‘ஹாபிடாட் ஃபார் ஹ்யுமானிட்டி’ என்ற வீடு கட்டித் தரும் அமைப்பின் கடை. வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கதவு, சிங்க், விளக்கு எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிடுகிறார்கள். கடை அதைக் குறைந்த விலைக்கு யாருக்கும் விற்கிறது. அந்தப் பணம் வீடு கட்டப் போகிறது. இன்று பல ஊர்களில் அப்படிக் கடைகள் இருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் வாடிக்கையாளர். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், விலை குறைத்துக் கேட்பார், பிடிக்கவில்லை என்றால் போய்விடுவார். காசு கொடுத்து வாங்கிய கதவை வந்து யாரும் தட்ட முடியாது. உங்களிடம் அப்படிக் கடை இல்லையென்றால், பழைய சாமான் கடையில் விற்றுப் பணத்தை ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, உங்களிடம் வேலை செய்கிறவருக்குக் கொடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கூலியைச் சம்பளமாகக் கொடுங்கள். தீபாவளி போனஸுக்குப் பதில் பழைய கிரைண்டர், சம்பள உயர்வுக்குப் பதில் பழைய கட்டில் என்று கணக்கைக் கலக்காதீர்கள். என் அப்பாவின் ஐந்து நாள் கூலி அப்படித்தான் காணாமல் போனது. பிறகு, படத்தைக் காட்டி, "வேணுமா, வேணாமா? வேணாம்னா ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்று கேளுங்கள். நேரில் கேட்டால் மறுக்கச் சங்கடம். ஒரு நாள் யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கழுவி, பழுது பார்த்து, கொண்டுபோய் மாட்டிக் கொடுங்கள். மின்விசிறி சத்தம் போட்டால் ரீவைண்டிங் செய்து கொடுங்கள். கதவு கொடுத்தால் நிலையோடு, கீலோடு, தாழ்ப்பாளோடு கொடுங்கள். வண்டி வாடகையும் ஆசாரி கூலியும் உங்கள் செலவு. அந்தச் செலவைப் பார்த்ததும் ‘இதற்குப் புதுசே வாங்கிக் கொடுத்துவிடலாமே’ என்று தோன்றினால், வாங்கிக் கொடுங்கள்.

நான்காவது, எதையெல்லாம் கொடுக்கவே கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நாம் சிமென்ட் ஷீட் என்று சொல்வது. அது உடையும்போதும் துளை போடும்போதும் வரும் நார் நுரையீரலுக்குள் போய்ப் பல வருடம் கழித்துப் புற்றுநோயைக்கூடக் கொண்டுவரும். பழைய பெயின்ட் உரியும் கதவும் ஆபத்து. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டைச் சுரண்டித் தேய்த்தால் ஈயத் தூசி குழந்தைகளின் உடம்பில் சேரும். வெடித்த ஒயர், பழைய கேஸ் டியூப் இதெல்லாம் சொல்லவே வேண்டாம். 2016இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், கழிவை உண்டாக்குகிறவர்தான் அதைப் பிரித்து, தெருவில் கொட்டாமல், உரிய இடத்தில் சேர்க்க வேண்டும் என்றன. அந்தப் பொறுப்பை ஏழை வீட்டுக்குத் தள்ளிவிடுவதற்குத் தானம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இதுவரை நான் கொடுக்கிறவர்களைப் பார்த்துப் பேசினேன். இங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன்.

இந்த வருடம் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அம்மா பெயரில் வீடு வந்தது. மூன்றரை லட்ச ரூபாய், அதற்கு மேல் எங்கள் கடன். இடையில் ஓலைக்கூரை போய் ஷீட் கூரை ஆகியிருந்த பழைய வீட்டைப் பிரித்தோம். பதினான்கு ஷீட், ஒரு ஜன்னல், கொஞ்சம் பாத்திரம் மிஞ்சியது. அம்மா சொன்னார்: "ஏரிக்கரைல இருளருங்க கீதுங்கல்ல, அதுங்களுக்குக் குடுத்துடலாம். பாவம், எது குடுத்தாலும் வாங்கிக்கும்."

‘வாங்கிக்கும்’. மனிதருக்குச் சொல்லும் சொல்லா அது? பெரிய வீட்டுக்காரர் எங்களைப் பற்றிப் பேசிய அதே இலக்கணம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எழுதியதை நான் ஆய்வேட்டில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது எங்கள் வீட்டு வாசலில், என் அம்மாவின் வாயில், நல்ல எண்ணத்தோடு வந்து நின்றது.

நானும் அம்மாவோடு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். அம்மா சொல்லி முடிப்பதற்குள், "ஷீட்டு வேணாங்க அக்கா, எங்களுக்கும் வூடு எழுதிக் குடுத்துக்கீறோம், வரும்னு சொல்லிக்கிறாங்க. ஜன்னலு எவ்ளோன்னு சொல்லுங்க, பாத்துட்டு எடுத்துக்குறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவுக்குக் கோபம். "சும்மா குடுத்தா வேணாங்குதே, எம்மா திமிரு!" நான் எதுவும் சொல்லவில்லை. ஏரிக்கரை முடிகிற இடத்தில் அம்மாவே நின்றார். "உங்கப்பாவும் அன்னிக்கு வேணாம்னு சொல்லிருக்கலாம். கூலியக் குடுன்னு கேட்ருக்கலாம்" என்றார். பிறகு, "கேக்க முடில" என்றார். ஜன்னலை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தோம். ஷீட்டை நான் சொன்னபடி யாருக்கும் கொடுக்கவில்லை. உடைக்காமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதை எங்கே சேர்ப்பது என்று ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

கதவு? அதை விற்றுவிடலாம் என்றேன். தேக்கு, நல்ல விலை வரும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அது உங்கப்பா கூலி" என்றார். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினோம். அறுபட்ட அடியில் ஒரு அடிக்குப் பலகை சேர்த்தார். புதிய பலகையின் நிறம் வேறுதான், ஒட்டிய இடம் தெரிகிறது. வேங்கையில் புதிதாக நிலை செய்து மாட்டினோம். நிலைக்கு ஆன செலவு கதவின் விலையைவிட அதிகம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கும் ஓட்டுக் கேட்டு வருவார்கள். வரட்டும். இப்போது அழைப்பு மணி வைத்திருக்கிறோம்.